ஆற்றுத் தீவுகளின் காவலர்: பறவையியலாளர் சலீம் அலி



நான் மதிக்கும் பெரியார், இயற்கையைப் பேணுவோம் என்பன போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுத நேரும்போது உங்களிற் பலர் அரசியல் தலைவர்களையோ சமயப் பெரியார்களையோ தெரிவு செய்கின்றீர்கள். அது தவறன்று. ஆயினும் ஆட்சி அதிகாரம் எதுவுமின்றி, தம் கண்களையும் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கருவிகளாகக் கொண்டு, ஆறுகளையும் நீர்நிலைகளையும் காத்த ஒருவரைப் பற்றியும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவரே இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளராகப் போற்றப்படும் கலாநிதி சலீம் அலி ஆவார். அவரது வாழ்க்கையை வாசிக்கும்போது ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தைப் பாதுகாக்க விரும்புபவன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12 ஆந் திகதி பம்பாய் நகரில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பத்தாவது பிள்ளை. கடைசிப் பிள்ளையும் அவரே. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். அதன்பின் தாய்மாமனாகிய அமீருத்தீன் தியாப்ஜியும் அவரது மனைவி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

மாமனார் வேட்டையில் விருப்பம் உள்ளவர். அக்காலத்து வசதியான குடும்பங்களில் வேட்டை ஒரு பொழுதுபோக்காக இருந்தது. சிறுவன் சலீமின் கையிலும் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதனால் குருவிகளைச் சுடுவதே அவனது விளையாட்டு. பிற்காலத்தில் பறவைகளுக்காக வாதாடிய மனிதரின் வாழ்க்கை பறவைகளைச் சுடுவதில் தொடங்கியது என்பதை மறவாதீர்கள்.

மஞ்சட் கழுத்துக் குருவி

ஒருநாள் சலீம் சுட்டு வீழ்த்திய குருவியொன்று வழக்கமான ஊர்க்குருவியைப் போல இருக்கவில்லை. அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. அது என்ன குருவி என்று சிறுவன் மாமனாரிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. எனவே அவர் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். 1883 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளராக அப்போது மில்லார்ட் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். அவர் சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. குருவியை இனங்கண்டு கூறியதுடன், அலமாரிகளைத் திறந்து, பாடஞ்செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். வாசிப்பதற்கு நூல்களையும் கொடுத்தார்.

அந்த ஒருநாள் சந்திப்பு சலீமின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் அனுப்பி வைத்த மாமனாரையும், சிறுவனின் கேள்வியை மதித்து நேரம் ஒதுக்கிய செயலாளரையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

கல்வியும் தொழில் தேடலும்

சலீம் அலி பாடசாலையிற் சிறந்து விளங்கிய மாணவர் அல்லர். கல்லூரிக் கல்வியை இடையில் நிறுத்திவிட்டு 1914 இல் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குச் சென்றார். அங்கே குடும்பத்தாருக்கு வொல்பிரம் கனிமச் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. சுற்றியிருந்த காடுகள் அவரது பறவை ஆர்வத்தை வளர்த்தன. 1917 இல் பம்பாய் திரும்பி வணிகம் கற்றார். ஆயினும் அவரது மனம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த புனித சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை பிளாற்றர் அவரை விலங்கியல் கற்கத் தூண்டினார். 1918 டிசம்பரில் சலீம் அலி தெஹ்மினா என்பவரை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926 இல் பம்பாய் நூதனசாலையின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் விடுமுறை பெற்று ஜேர்மனி சென்று, பேர்லின் நூதனசாலையிலே பேராசிரியர் ஸ்ரெசமான் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பறவைகளின் கால்களில் இலக்கமிட்ட வளையம் பூட்டி அவற்றின் பயணத்தை அறியும் முறையையும் அங்கே கற்றுக்கொண்டார்.

1930 இல் நாடு திரும்பியபோது, பணப் பற்றாக்குறை காரணமாக அவரது பதவியே நீக்கப்பட்டிருந்தது. முப்பத்து மூன்று வயது, வேலை இல்லை, பட்டமும் இல்லை. வேறொருவராயின் மனமுடைந்து போயிருப்பார்.

தூக்கணாங்குருவி கற்பித்த பாடம்

சலீம் அலியும் மனைவியும் பம்பாய்க்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடலோரக் கிராமத்திற் குடியேறினர். அங்கே மரமொன்றில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி மாதக்கணக்காக அவற்றைக் கவனித்துக் குறிப்பெழுதினார்.

தூக்கணாங்குருவிகளின் கூடுகளுட் பல பாதியில் நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதற்கான காரணம் அவரது குறிப்புகளிலிருந்து தெளிவாகியது. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டும். பெண் குருவி வந்து பார்வையிடும். பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளும். அதன்பின்னரே ஆண் குருவி கூட்டின் குழாய் போன்ற வாயிலைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அருகிலே இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடுகள் பாதியில் கைவிடப்படும்.

இந்த ஆய்வு அவருக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. இதற்கு ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கருவிகளோ தேவைப்படவில்லை. ஒரே மரத்தை நாள்தோறும் பார்க்கும் பொறுமையே தேவைப்பட்டது. இறந்த பறவையை அலமாரியில் வைத்து அளப்பது மட்டும் பறவையியல் அன்று. உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே கவனிப்பதும் பறவையியலே என்பதை அவர் செயலிற் காட்டினார்.

காவிரியின் நடுவே ஒரு புகலிடம்

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகள் சமஸ்தானங்களாக இருந்தன. ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், மைசூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைச் சலீம் அலி ஏற்றுக்கொண்டார். சம்பளம் பெரிதாக இல்லை. கூடாரங்களிலும் மாட்டு வண்டிகளிலும் வாழ்க்கை கழிந்தது. தெஹ்மினா அவருடன் இந்தப் பயணங்களிற் கலந்துகொண்டார். 1939 இல் ஒரு சிறிய சத்திர சிகிச்சையைத் தொடர்ந்து தெஹ்மினா காலமானார். இப்பேரிழப்புக்குப் பின்னரும் அவர் தமது பணியைக் கைவிடவில்லை.

மைசூரில் ஆய்வு செய்தபோது சீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரி ஆற்றிலுள்ள சிறு தீவுகள் அவரது கவனத்தை ஈர்த்தன. பதினேழாம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஓர் அணைக்கட்டினால் இத்தீவுகள் உருவாகின. இவ்விடமே ரங்கன்திட்டு எனப்படுகின்றது.

இங்கே ஏன் பறவைகள் கூடுகின்றன? மூன்று காரணங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஆற்றிலும் அருகிலுள்ள வயல்களிலும் மீன், நத்தை, தவளை முதலிய உணவுகள் நிறைந்துள்ளன. இரண்டாவது, தீவுகளிலுள்ள மரங்களும் மூங்கில்களும் கூடு கட்ட ஏற்றவை. மூன்றாவது, சுற்றிலும் நீர் இருப்பதால் தரையில் திரியும் பகை விலங்குகள் கூடுகளை எளிதில் அணுக முடியாது.

ரங்கன்திட்டில் துடுப்புப் படகிற் செல்பவர்கள் கூடுகளை மிக அண்மையிலே காணலாம். நத்தை குத்தி நாரையின் அலகு முழுமையாக மூடாது. நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த அலகே நத்தையைக் கையாள உதவுகின்றது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருக்குள் இடமும் வலமுமாக அசைத்து இரை தேடும். பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பின்னர் பாறையில் ஏறிச் சிறகுகளை விரித்து உலர்த்தும். வெள்ளை அரிவாள் மூக்கன், கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி, ஆற்று ஆலா என்பனவும் இங்கே உண்டு. பாறைகளிலே சதுப்புநில முதலைகள் வெயில் காயும். நீர்நாய்களும் மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களும் இங்கே வாழ்கின்றன.

இத்தீவுகளின் மதிப்பைச் சலீம் அலி மைசூர் அரசுக்கு எடுத்துக் கூறினார். அதன் பயனாக 1940 ஆம் ஆண்டில் ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது ஒரு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புடைய சிறிய இடமே. ஆயினும் 2022 ஆம் ஆண்டில் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

பரத்பூர்: வேட்டைக்களம் சரணாலயமான கதை

வட இந்தியாவில் ராஜஸ்தானிலுள்ள பரத்பூருக்கு அருகே கேவலாதேவ் என்னும் ஈரநிலம் உள்ளது. கம்பீர், பாணகங்கை ஆகிய ஆறுகளின் நீரை அணைக்கட்டினால் தேக்கித் தாழ்நிலத்திற்குத் திருப்பியதால் இது உருவாகியது. குளிர்காலத்தில் சைபீரியா, மத்திய ஆசியா முதலிய இடங்களிலிருந்து வாத்துகளும் தாராக்களும் பெருந்தொகையாக இங்கே வரும்.

பரத்பூர் மகாராஜாவுக்கு இது வேட்டைக்களமாக இருந்தது. 1938 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி அப்போதைய வைஸ்ரோய் லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது ஒரே நாளில் 4273 பறவைகள் சுடப்பட்டன. அந்த எண்ணிக்கையைப் பெருமையாகக் கல்லிலே பொறித்தும் வைத்தனர். அன்றுதான் சலீம் அலிக்கு நாற்பத்திரண்டாவது பிறந்தநாள் என்பதையும் கவனியுங்கள்.

இந்தியா சுதந்திரம் அடைந்த பின் வேறோர் ஆபத்து வந்தது. ஈரநிலத்தை வற்றச் செய்து பயிர்நிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நிலமற்ற மக்களின் தேவை உண்மையானது. எனவே அக்கோரிக்கையை இலகுவிற் புறந்தள்ள முடியாது. சலீம் அலி பிரதமர் நேருவின் கவனத்துக்கு இப்பிரச்சினையைக் கொண்டு சென்றார். ஈரநிலம் தப்பியது. 1956 இல் அது பறவைகள் சரணாலயமாகியது. மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1981 இல் ராம்சார் ஈரநிலமாகவும், 1982 இல் தேசிய பூங்காவாகவும், 1985 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அது உயர்வு பெற்றது.

சலீம் அலி வழிநடத்திய கழகத்தினர் இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் இலக்கமிட்ட மெல்லிய வளையம் பூட்டி மீண்டும் பறக்க விட்டனர். அவற்றுட் சில ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பால், அன்றைய சோவியத் நாட்டிலே கண்டெடுக்கப்பட்டன. ஒரு குளத்தைக் காப்பது ஒரு நாட்டின் தனி விடயம் அன்று என்பதை இந்தச் சிறு வளையங்கள் நிரூபித்தன.

எருமைகள் எழுப்பிய வினா

மாணவர்களே, பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது வெற்றிகளை மட்டும் அடுக்குதல் போதாது. பரத்பூரில் நிகழ்ந்த இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்.

சுற்றுக் கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமது எருமைகளை இந்த ஈரநிலத்தில் மேய்த்து வந்தனர். எருமைகள் பறவைகளுக்குத் தீங்கு விளைவிக்கும் எனக் கருதிய சலீம் அலியும் ஏனைய பாதுகாவலர்களும் மேய்ச்சலைத் தடுக்குமாறு கூறினர். 1982 இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. கிராமத்தவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மோதல் மூண்டது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மனித உயிர்கள் பலியாகின.

தடைக்குப் பின் நடந்தது எவரும் எதிர்பாராதது. எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமற் பெருகி நீர்ப்பரப்பை மூடியது. நீந்தவும் இரை தேடவும் திறந்த நீர் தேவைப்படும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. எருமைகளும் அந்த ஈரநிலத்தின் ஒரு பகுதியே என்ற முடிவை வெளியிட்டது யார் தெரியுமா? சலீம் அலி கட்டி வளர்த்த அதே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே. 1980 இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளாக நடத்திய ஆய்வின் மூலம் அதன் விஞ்ஞானிகள் இதனைக் கண்டறிந்தனர்.

இதனாற் சலீம் அலியின் பெருமை குறைந்துவிடுமா? இல்லை. தூக்கணாங்குருவியின் மரத்தடியில் அவர் கைக்கொண்ட முறை இதுவே: முதலிற் பார், குறித்துக்கொள், பின்னர் முடிவு செய். அந்த முறை அவரது சொந்தக் கருத்தையே திருத்தும் வலிமை உடையதாக இருந்தது. ஆனால் ஆய்வு முடியும் முன் தடை வந்துவிட்டது. அதற்கான விலையை ஏழைக் கிராமத்தவர் செலுத்தினர். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

நூல்களும் விருதுகளும்

1941 இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் சாதாரண மக்களையும் பறவை நோக்குநர்களாக மாற்றியது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் அவரது வாழ்நாட் சாதனை எனலாம். இந்நூலில் இலங்கையின் பறவைகளும் இடம்பெற்றுள்ளன என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். 1985 இல் தமது சுயசரிதையை எழுதினார். ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படும் அதன் தலைப்பு, சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய அந்த மஞ்சட் கழுத்துக் குருவியை நினைவூட்டுகின்றது.

இந்திய அரசு 1958 இல் பத்மபூஷண் விருதையும் 1976 இல் பத்மவிபூஷண் விருதையும் வழங்கியது. 1967 இல் பிரித்தானியப் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ கலாநிதிப் பட்டங்களை வழங்கின. 1985 இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காப்பதற்கும் அவர் குரல் கொடுத்தார்.

1987 ஆம் ஆண்டு யூன் மாதம் 20 ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதில், பம்பாயிற் காலமானார். 1990 இல் கோயம்புத்தூரில் அமைக்கப்பட்ட பறவையியல் ஆய்வு நிலையம் அவரது பெயரைத் தாங்கியது.

நாம் பெறும் படிப்பினை

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறுங்கள். ஓர் இடத்தைப் பாதுகாக்க விரும்புபவன் முதலில் அந்த இடத்தைப் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும். அங்கே வாழும் பறவைகளை மட்டுமன்றி, அங்கே வாழும் மனிதரையும் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் அதற்கு வாய்ப்பு உண்டு. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகிய புந்தல, 2010 இல் அப்பட்டியலில் சேர்ந்த வங்காலை, குமண ஆகியன வலசைப் பறவைகளின் வரவேற்பிடங்கள். அவ்வளவு தூரம் செல்ல முடியாவிடின் உங்கள் ஊர்க் குளக்கரையே போதும். காலை வேளையில் அரைமணி நேரம் சத்தமின்றி அமர்ந்திருங்கள். கண்டவற்றைத் திகதி, நேரம், எண்ணிக்கை என்பவற்றுடன் எழுதுங்கள். கூடுகளைத் தொடாதீர்கள். அடுத்த வாரமும் அதே இடத்துக்குச் செல்லுங்கள். இரண்டு பக்கங்களையும் ஒப்பிடும்போது உங்களுக்கே ஒரு கேள்வி பிறக்கும். விஞ்ஞானம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றது.

நினைவிற் கொள்க

1896 - பம்பாயில் பிறப்பு
1930 - பதவி இழப்பு. கிகிமில் தூக்கணாங்குருவி ஆய்வு
1940 - ரங்கன்திட்டு சரணாலயமாதல்
1941 - இந்தியப் பறவைகள் பற்றிய நூல்
1956 - பரத்பூர் சரணாலயமாதல்
1968 - 1974 - பத்துத் தொகுதிப் பெருநூல்
1982 - பரத்பூரில் மேய்ச்சல் தடை
1987 - மறைவு

பயிற்சி வினாக்கள்

1. மஞ்சட் கழுத்துக் குருவி சலீம் அலியின் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றம் யாது?
2. தூக்கணாங்குருவியின் கூடுகள் சில பாதியில் கைவிடப்படுவது ஏன்?
3. ஆற்றுத் தீவுகள் பறவைகளுக்குச் சிறந்த புகலிடமாக அமைவதற்கான மூன்று காரணங்களைத் தருக.
4. பரத்பூரில் மேய்ச்சல் தடையினால் ஏற்பட்ட விளைவுகளை உமது சொற்களில் விளக்குக.
5. எமது ஊர்க் குளமும் அதன் பறவைகளும் என்னும் தலைப்பில், நீர் நேரிற் கண்டவற்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு 200 சொற்களுக்கு மேற்படாமற் கட்டுரை ஒன்று எழுதுக.

குறிப்பு: ஐந்தாம் வினாவுக்கு விடை எழுதுமுன் ஒருமுறையாவது குளக்கரைக்குச் சென்று வாருங்கள்.